அந்த எட்டு மணி நேரத்தைக் குறைக்கச் சொல்லாதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிற்றுக்கிழமை உங்கள் இணைப்பில் இங்கிலாந்தின் பீட்டில்ஸ் பாட்டுக் குழுவைப் பற்றி வந்த கச்சேரிப் படங்கள், ஆவணப்படங்கள் குறித்து ஒரு கட்டுரை வெளியாகியிருந்தது. தமிழ்ப் பத்திரிகையில் இதைப் பற்றி யாராவது எழுதுவதே அபூர்வம், அதனால் முதலில் நன்றி சொல்லிவிடுகிறேன். ஆனால் அதில் ஒரு வரி என் மனதை விட்டுப் போகவே இல்லை. இயக்குநர் பீட்டர் ஜாக்சனின் 'கெட் பேக்' ஆவணப்படம் கிட்டத்தட்ட எட்டு மணி நேரம் ஓடுகிறது, அதில் முக்கால்வாசி நாலு பேர் உட்கார்ந்து டீ குடிப்பதும் அரட்டை அடிப்பதும்தான், கடைசியில் மொட்டைமாடியில் பாடுகிறார்களே அந்தப் பகுதியை மட்டும் பார்த்தால் போதும் என்று கட்டுரையாளர் எழுதிவிட்டார். அவரை எனக்குத் தெரியாது, அவர் மேல் கோபமும் இல்லை. ஆனால் அந்தப் பேச்சு தப்பு. ஏன் தப்பு என்று கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், இடம் இருந்தால் போடுங்கள்.

நான் கேரள எல்லையில், களியக்காவிளைக்குப் பக்கத்தில் இருக்கிறவள். பள்ளிக்கூட ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றுவிட்டேன். வேலைக்குச் சேருவதற்கு முன்பும், சேர்ந்த பிறகும் கொஞ்ச காலம், 1984 முதல் ஒரு பத்து வருடம், கானமேளாக் குழுவில் பாடிக்கொண்டிருந்தேன். மற்ற மாவட்டத்துக்காரர்கள் மெல்லிசைக் கச்சேரி, ஆர்கெஸ்ட்ரா என்று சொல்வதைத்தான் நாங்கள் கானமேளா என்போம், அந்தப் பக்கம் மலையாளத்திலும் அதுதான் பெயர். எங்கள் விளவங்கோடு தாலுகா 1956 நவம்பர் 1-ஆம் தேதி வரைக்கும் திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தது, அப்புறம்தான் தமிழ்நாட்டுக்கு வந்தது. அதனால் எங்களுக்கு இரண்டு மொழிப் பாட்டும் வேண்டும். பாறசாலைப் பக்கம் உற்சவத்துக்குப் போனால் யேசுதாஸின் மலையாளப் பாட்டில் தொடங்கி நடுராத்திரிக்கு மேல் தமிழுக்கு வருவோம், மார்த்தாண்டம் பக்கம் என்றால் அப்படியே தலைகீழ், துண்டுச்சீட்டில் பாட்டு எழுதிக் கொடுத்துவிடுகிற ஆட்கள் மட்டும் இரண்டு பக்கமும் ஒரே மாதிரிதான் இருப்பார்கள்.

எங்கள் குழுவில் கித்தார் வாசித்தது என் அண்ணன். கித்தார் அவருக்கு சர்ச் பாடகர் குழுவில் இருந்து வந்தது, எங்கள் மாவட்டத்தில் நிறைய பேருக்கு அப்படித்தான் வந்தது. பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் கல்ஃபில் இருந்து லீவுக்கு வரும்போது ஒரு டூ-இன்-ஒன் டேப் ரிக்கார்டரும் ஒரு கட்டு கேசட்டும் கொண்டுவந்தார், அந்தக் கட்டில் பீட்டில்ஸ் கேசட் ஒன்று இருந்தது. அண்ணன் அதைக் கடன் வாங்கிக் கேட்டுக் கேட்டு நாடா தேய்ந்துபோயிற்று. எனக்கு இங்கிலீஷ் வார்த்தை பாதி புரியாது, ஆனால் இரண்டு குரல் சேர்ந்து போகிறபோது மூன்றாவதாக ஒரு குரல் எங்கிருந்து வருகிறது என்று அவர் எனக்குக் காதைப் பிடித்துச் சொல்லிக்கொடுத்தார். அண்ணன் போய் இப்போது பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது.

திருவனந்தபுரத்தில் வேலை பார்க்கிற என் மகள்தான் 'கெட் பேக்'கை எனக்குப் போட்டுக் காட்டினாள். மூன்று பகுதி, மூன்று ராத்திரி. முதல் பகுதியில் ஒரு இடம் வரும். 1969 ஜனவரி முதல் வாரம், லண்டனில் டிவிக்கன்ஹாம் ஸ்டுடியோ, பெரிய கொட்டகை மாதிரி ஒரு இடம், காலையில் குளிர். குழுவின் நாலு பேரில் ஜான் லென்னன் இன்னும் வந்து சேரவில்லை. பால் மெக்கார்ட்னி பேஸ் கித்தாரை வைத்துக்கொண்டு ஒரே தாளத்தில் கரகரவென்று அடித்துக்கொண்டிருக்கிறார், வாயில் வார்த்தை இல்லை, வெறும் முனகல். எதிரே ஜார்ஜ் ஹாரிசன் கொட்டாவி விடுகிறார், ரிங்கோ ஸ்டார் பேசாமல் பார்த்துக்கொண்டிருக்கிறார். இரண்டு மூன்று நிமிஷத்தில் அந்த முனகலுக்குள்ளிருந்து ஒரு பாட்டின் உருவம் எழுந்து வருகிறது, அதுதான் படத்துக்குப் பெயரான பாட்டு. ஜார்ஜின் கை தானாகக் கித்தாருக்குப் போகிறது, ரிங்கோ கைதட்டித் தாளம் பிடிக்கிறார். நான் சோபாவில் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். உலகம் முழுக்கத் தெரிந்த ஒரு பாட்டு பிறக்கிறதை, பிறக்கிற அந்த நிமிஷத்தில், கேமரா பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது. இதை எந்த மேடைக் கச்சேரியில் பார்க்க முடியும்? மொட்டைமாடியை மட்டும் பார்த்தால் போதும் என்றால் இது போய்விடுமே.

இந்தப் படத்தின் கதை இன்னும் பெரியது, கட்டுரையில் அது இரண்டு வரியில் முடிந்துவிட்டது. அந்த ஜனவரி மாதம் எடுத்தவர் மைக்கேல் லிண்ட்சே-ஹாக் என்ற இயக்குநர். 16 எம்.எம். கேமராவில் ஏறக்குறைய 60 மணி நேரம் படம், தனியாக நாக்ரா டேப் ரிக்கார்டரில் 150 மணி நேரத்துக்கு மேல் ஒலி. அதிலிருந்து சுமார் 80 நிமிஷத்துக்கு வெட்டி 'லெட் இட் பீ' என்ற படம் 1970 மே மாதம் வந்தது. அதற்கு ஒரு மாதம் முன்பு, ஏப்ரலில்தான், குழு உடைந்த செய்தி வெளியே தெரிந்திருந்தது. தியேட்டருக்குப் போன ஜனம் அந்தத் துக்கத்தோடு போனது, ஆகையால் திரையில் தெரிந்ததெல்லாம் சண்டையாகவும் சலிப்பாகவும் தெரிந்தது. பாலுக்கும் ஜார்ஜுக்கும் ஒரு சின்ன வாக்குவாதம் அதில் வரும், ஐம்பது வருடமாக அந்த ஒரு காட்சியை வைத்துத்தான் அந்த ஜனவரி மாதத்தைப் பற்றியே பேசினார்கள். முதல் காட்சிக்கு நாலு பேரில் ஒருவர்கூடப் போகவில்லை. அந்தப் படப் பாட்டுகளுக்கு ஆஸ்கர் கிடைத்தது, ஆனால் படம் பிற்பாடு கடைகளில் கிடைக்காமலே போய்விட்டது, சீர்செய்து மறுபடி வெளியே விட்டது 2024-இல்தான்.

அதே 60 மணி நேரச் சுருளைத்தான் ஜாக்சன் கையில் எடுத்தார். அதே முகங்கள், அதே அறை, அதே தேதி. அவர் படத்தில் சிரிப்பு இருக்கிறது, ஒருவரை ஒருவர் கிண்டல் பண்ணுவது இருக்கிறது, பழைய பாட்டை வேடிக்கையாகப் பாடிப் பார்ப்பது இருக்கிறது. சண்டையையும் அவர் மறைக்கவில்லை. இன்னும் சொல்லப்போனால் பழைய படத்தில் இல்லாத பெரிய விஷயமே இதில்தான் இருக்கிறது: ஜனவரி 10-ஆம் தேதி மத்தியானம் ஜார்ஜ் எழுந்து குழுவை விட்டே போய்விடுகிறார். 'லெட் இட் பீ'யில் இது கிடையாது. அப்புறம் சாப்பாட்டு அறையில் பூந்தொட்டிக்குள் மறைத்து வைத்த மைக்கில் ஜானும் பாலும் தனியாகப் பேசிக்கொண்டது பதிவாகியிருக்கிறது, ஜார்ஜை நாம் சரியாக நடத்தவில்லை என்று இருவரும் மனம் விட்டுப் பேசுகிறார்கள். ஒளித்து வைத்து எடுத்தது சரியா என்று என் மகள் கேட்டாள், அந்தக் கேள்வி நியாயமானது. ஆனால் ஒரு குழுவில் இருந்தவளுக்கு அந்தப் பேச்சு புதிதில்லை. எங்கள் குழுவிலும் தபலாக்காரர் ஒருநாள் ரிகர்சல் நடுவில் தபலாவை உறையில் போட்டு எடுத்துக்கொண்டு போனார், மற்றவர்கள் கட்டன் சாயாவை வைத்துக்கொண்டு இதே மாதிரிதான் பேசிக்கொண்டிருந்தார்கள், மூன்றாம் நாள் அண்ணன் அவர் வீட்டுக்குப் போய்க் கூட்டிக்கொண்டு வந்தார்.

ஜார்ஜும் திரும்பி வருகிறார். டிவிக்கன்ஹாமை விட்டுவிட்டு சேவில் ரோ தெருவில் அவர்கள் சொந்த ஆபீஸின் அடித்தளத்துக்கு இடம் மாறுகிறார்கள். பில்லி பிரெஸ்டன் என்கிற கீபோர்டு கலைஞர் சும்மா பார்த்துவிட்டுப் போக வருகிறார், உட்காரச் சொல்கிறார்கள், எலெக்ட்ரிக் பியானோவில் கை வைக்கிறார், நாலு பேர் முகமும் மலர்ந்துவிடுகிறது. வெளியாள் ஒருவர் வந்து உட்கார்ந்தால் வீட்டுக்காரர்கள் சண்டையை நிறுத்துவார்கள் இல்லையா, அதுவும் ஒரு காரணம், அவர் வாசிப்பு இன்னொரு காரணம். இதெல்லாம் கடந்து, இத்தனை நாள் இழுபறியைப் பார்த்த பிறகு, ஜனவரி 30-ஆம் தேதி அவர்கள் மாடிப்படி ஏறுகிறபோதுதான் அந்த மொட்டைமாடிக் கச்சேரிக்கு அர்த்தம் வருகிறது. குளிரில் ஜான் தன் மனைவியின் ரோமக் கோட்டைப் போட்டுக்கொண்டிருக்கிறார், ரிங்கோ அவர் மனைவியின் சிவப்பு மழைக்கோட்டில் இருக்கிறார். கீழே தெருவில் ஜனம் அண்ணாந்து பார்க்கிறது, போலீஸ் வருகிறது. 42 நிமிஷம். அதற்கப்புறம் நாலு பேரும் சேர்ந்து பொது இடத்தில் வாசிக்கவே இல்லை. முதல் ஏழு மணி நேரத்தைப் பார்க்காதவருக்கு இது வெறும் மாடிமேல் பாட்டு.

ஜாக்சனே முதலில் இதை இரண்டரை மணி நேர தியேட்டர் படமாகத்தான் எடுப்பதாக இருந்தார். கொரோனா வந்து எல்லாம் தள்ளிப்போன நேரத்தில் அது வளர்ந்து வளர்ந்து மூன்று பகுதியாக 2021 நவம்பரில் வந்தது. அந்தத் தாமதம் நடந்ததே என்று எனக்கு நிம்மதி.

கச்சேரிப் படம் என்று தனியாக எடுத்தவையும் அவர்களுக்கு உண்டு, கட்டுரையாளர் அவற்றைத்தான் அதிகம் பாராட்டியிருந்தார். 1965 ஆகஸ்ட் 15, நியூயார்க் ஷே ஸ்டேடியம், 55,000-க்கு மேல் கூட்டம், அதைப் படம் பிடித்தார்கள். பார்க்கப் பிரமாதம்தான், நானும் பார்த்தேன். ஆனால் அதில் கேட்கிற சத்தம் முழுக்க அன்றைக்குப் பாடியது இல்லை. கூட்டத்தின் கூச்சலில் பதிவு சரியாக வரவில்லை என்று 1966 ஜனவரியில் லண்டனில் ஒரு ஸ்டுடியோவுக்குப் போய் நிறைய இடங்களில் மறுபடி வாசித்துச் சேர்த்தார்கள். அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. அந்த ஸ்டேடியத்தில் அறிவிப்பு சொல்கிற ஸ்பீக்கர் வழியாகத்தான் குரல் போயிற்று, பாடுகிறவர்களுக்குத் தாங்கள் பாடுவதே கேட்கவில்லை. பாடுகிறவர் பக்கம் திருப்பி வைக்கிற மானிட்டர் ஸ்பீக்கர் இல்லாத மேடையில் பாடியவர்களுக்குத் தெரியும் அந்த அவஸ்தை, நான் எத்தனை உற்சவத்தில் ஒரு காதைப் பொத்திக்கொண்டு பாடியிருக்கிறேன், பின்னால் செண்டைமேளம், பக்கத்தில் வாணவேடிக்கை. நான் சொல்லவருவது இதுதான்: மேடையைக் காட்டுகிற படம் எப்போதுமே கொஞ்சம் அலங்காரம் பண்ணின படம். 1964 பிப்ரவரியில் வாஷிங்டனில் அவர்கள் அமெரிக்காவில் பண்ணின முதல் கச்சேரியும் படமாக இருக்கிறது, குத்துச்சண்டை மேடை மாதிரி நாலு பக்கமும் ஜனம் உட்கார்ந்திருக்க நடுவில் மேடை. ஒவ்வொரு பக்கத்துக்கும் முகம் காட்ட வேண்டும் என்று டிரம் வைத்த பலகையை நடுவில் கையாலேயே திருப்புகிறார்கள், ரிங்கோ இறங்கித் தள்ளுகிறார். எனக்கு அந்தப் படத்தில் பிடித்ததே அந்த இடம்தான், பாட்டு நின்றபோது நடந்தது.

இன்னொன்றும் இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டும். ஜார்ஜ் ஹாரிசன் 1971 ஆகஸ்ட் 1-ஆம் தேதி வங்கதேச அகதிகளுக்காக நியூயார்க்கில் கச்சேரி நடத்தினார், அடுத்த வருடம் அது படமாக வந்தது. முதலில் சிதாரில் ரவிசங்கரும் சரோதில் அலி அக்பர் கானும் தபலாவில் அல்லா ரக்காவும். அவர்கள் சுருதி சேர்த்து முடித்ததும் கூட்டம் கைதட்டுகிறது, அதையே வாசிப்பு என்று நினைத்துவிட்டது. சுருதி சேர்த்ததே உங்களுக்கு இவ்வளவு பிடித்தால் வாசிப்பு இன்னும் பிடிக்கும் என்று நம்புகிறேன் என்று ரவிசங்கர் சொல்கிறார். படத்தை வெட்டியவர்கள் இதை நீக்கியிருக்கலாம், நீக்கவில்லை. அந்த மேடையில் யார் இருந்தார்கள், எதிரே யார் இருந்தார்கள் என்பது இந்த அரை நிமிஷத்தில் எனக்கு முழுக்க விளங்கியது.

சரி, அடுத்து நான் முக்கியமாக எழுத வந்ததற்கு வருகிறேன். இவ்வளவு புகழ் பெற்ற குழுவுக்கே எவ்வளவு அழிந்து போயிருக்கிறது தெரியுமா? பீட்டில்ஸ் 1966 ஜூன் 16-ஆம் தேதி பிபிசியின் பாட்டு நிகழ்ச்சிக்கு நேரில் வந்து நேரலையில் தோன்றினார்கள். அந்த நிகழ்ச்சியில் அவர்கள் அப்படி வந்தது அந்த ஒரு முறைதான். பிபிசி அதை வைத்திருக்கவில்லை. வீடியோ டேப் விலை அதிகம், ஒன்றை அழித்துவிட்டு அதன் மேலேயே இன்னொன்றைப் பதிவு செய்வது அன்றைய வழக்கம். 2019-இல் அதில் ஒரு சின்னத் துண்டு மட்டும் திரும்பக் கிடைத்தது. எப்படி? லிவர்பூலில் ஒரு வீட்டில் யாரோ டிவிக்கு முன்னால் உட்கார்ந்து, கையால் சாவி கொடுக்கிற 8 எம்.எம். கேமராவில் டிவி திரையையே படம் பிடித்திருக்கிறார்கள். சத்தம் கிடையாது. அந்தச் சின்னத் துண்டும் ஒரு வீட்டில் இருந்துதான் வர வேண்டியிருந்தது.

அவர்கள் டிக்கெட் போட்டு நடத்திய கடைசிக் கச்சேரி 1966 ஆகஸ்ட் 29, சான் பிரான்சிஸ்கோ. அதை முழுப் படமாக யாரும் எடுக்கவில்லை. குழுவின் பத்திரிகைத் தொடர்பாளர் கையில் ஒரு சாதாரண கேசட் ரிக்கார்டரைப் பிடித்துக்கொண்டு மைதானத்தில் நின்று பதிவு செய்தார், கடைசிப் பாட்டு பாதியில் இருக்கும்போது அந்தப் பக்கம் நாடா தீர்ந்துவிட்டது. கடைசிக் கச்சேரியின் கடைசிப் பாட்டு இன்றைக்கும் பாதியிலேயே நிற்கிறது. 'கெட் பேக்'குக்கு உயிரான அந்த நாக்ரா நாடாக்களே ஒரு காலத்தில் திருட்டுப் போனவை, சுமார் 500 நாடாக்களை 2003-இல் நெதர்லாந்தில் போலீஸ் சோதனை போட்டுக் கைப்பற்றியது. அது நடக்கவில்லை என்றால் ஜாக்சனுக்கு வாய் அசைகிற படம் இருந்திருக்கும், பேச்சு இருந்திருக்காது.

இப்போது எங்கள் கதை. 1991-இல் ஒரு உற்சவத்தில் எங்கள் கானமேளா முழுவதையும், அதற்கு முந்தின மூன்று நாள் ரிகர்சலையும், ஒரு வீடியோக்காரர் வி.எச்.எஸ். கேசட்டில் எடுத்தார். புது கேமரா வாங்கியிருந்தார், கை பழகுவதற்காக வந்து எடுத்தார், காசு கேட்கவில்லை. ரிகர்சல் எங்கள் வீட்டு முற்றத்தில்தான். அம்மா மரச்சீனிக் கிழங்கு அவித்து மீன்கறியோடு எல்லாருக்கும் கொடுப்பார், கரண்ட் போனால் பெட்ரோமாக்ஸ். அண்ணன் கித்தாரை மடியில் வைத்துக்கொண்டு கீபோர்டுக்காரரோடு சுருதிக்குச் சண்டை போடுவார், நான் ஒரு வரியை எடுக்க எடுக்க அவர் தலையை ஆட்டி ஆட்டி நிறுத்துவார். அதெல்லாம் அந்த கேசட்டில் இருந்தது. இரண்டு வருடம் கழித்து ஒரு காப்பி போட்டுத் தாருங்கள் என்று கேட்கப் போனோம். கச்சேரியில் பதினைந்து நிமிஷம் மட்டும் ஒரு கேசட்டில் கொடுத்தார். மிச்சத்தின் மேல் கல்யாண வீடு எடுத்தாயிற்று என்றார், ரிகர்சல்தானே, பாட்டு ஒன்றுகூட முழுசாக இல்லையே, அதை வைத்து என்ன செய்யப் போகிறீர்கள் என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது, அன்றைக்கு நாங்களும் அப்படித்தான் நினைத்தோம், சிரித்துக்கொண்டே வந்துவிட்டோம். இன்றைக்கு அந்தப் பதினைந்து நிமிஷத்தில் அண்ணன் மேடையில் இரண்டாவது வரிசையில் ஓரமாக நிற்கிறார், கேமரா பாடகர்களையே பார்க்கிறது, அவர் முகம் மொத்தம் இரண்டு முறை தெரிகிறது. குரல் இல்லை.

அதனால்தான் ஐயா, எட்டு மணி நேரம் டீ குடிக்கிறார்கள், அதை விட்டுவிடலாம் என்று ஒருவர் அச்சில் எழுதும்போது எனக்குப் பொறுக்கவில்லை. அந்த வீடியோக்காரர் சொன்ன அதே வார்த்தை இது.

இன்றைய வசதியும் அன்றைக்கு மாதிரி இல்லை. 'கெட் பேக்'கில் அவர்கள் கேமராவுக்குத் தெரியாமல் பேச வேண்டும் என்று கித்தாரைச் சத்தமாக மீட்டிக்கொண்டே பேசிய இடங்கள் உண்டு. ஜாக்சனின் ஆட்கள் கம்ப்யூட்டருக்கு ஒவ்வொரு குரலையும் ஒவ்வொரு வாத்தியத்தையும் அடையாளம் காணப் பழக்கி, ஒரே டிராக்கில் கலந்து கிடந்த கித்தாரையும் பேச்சையும் தனித்தனியாகப் பிரித்தார்கள். அதே முறையில்தான் ஜான் லென்னன் 1970-களில் தன் வீட்டில் பியானோவோடு பாடி கேசட்டில் வைத்திருந்த ஒரு பாட்டிலிருந்து குரலை மட்டும் எடுத்து, 2023 நவம்பரில் புதுப் பாட்டாக வெளியிட்டார்கள். 1995-இலேயே முயன்று பார்த்தார்கள், கேசட்டில் இருந்த இரைச்சலைப் பிரிக்க முடியாமல் விட்டுவிட்டார்கள். கேசட் அழியாமல் இருந்தது, அதற்குள் விஞ்ஞானம் வந்து சேர்ந்தது. இன்றைக்கு இரைச்சலாக இருக்கிறது என்று தூக்கிப் போட்டால் நாளைக்கு வருகிறவர் எதைப் பிரிப்பார்?

எங்கள் எல்லைப் பகுதியில், இந்தப் பக்கம் நாகர்கோவில் தொடங்கி அந்தப் பக்கம் நெய்யாற்றின்கரை வரைக்கும், 70-களிலும் 80-களிலும் எத்தனையோ கானமேளாக் குழுக்கள் இருந்தன. வில்லுப்பாட்டுக் குழுக்கள் இருந்தன. சர்ச் பாடகர் குழுக்கள் கிறிஸ்துமஸுக்கு ஒரு மாதம் முன்பே ராத்திரி ராத்திரியாகப் பாடிப் பழகும். இவற்றில் வாசித்த நிறைய பேர் போய்விட்டார்கள், இருக்கிறவர்களுக்கு எழுபது தாண்டிவிட்டது. ஆனால் வீடுகளில் கேசட் இருக்கிறது. அலமாரி மேல், கட்டிலுக்கு அடியில், பிஸ்கட் டின்னில். பேரன் பேத்திகள் வீட்டைச் சுத்தம் பண்ணும்போது குப்பையோடு போகிறது. என் கண் முன்னாலேயே ஒரு வீட்டில் சாக்கு மூட்டையாக ஆக்கர்காரரிடம், அதாவது பழைய சாமான் வாங்குகிறவரிடம், கொடுத்தார்கள், நான் ஓடிப் போய் எடுத்துக்கொண்டு வந்தேன்.

அந்த மூட்டையை வைத்து நான் கற்றுக்கொண்டதை மட்டும் உங்கள் வாசகர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். நம் ஊர் ஈரத்துக்கு நாடாவில் பூஞ்சை பிடிக்கும், கேசட்டின் சன்னல் வழியாகப் பார்த்தால் வெள்ளையாகத் தெரியும். அப்படி இருக்கிற கேசட்டை உடனே மெஷினில் போட்டுவிடாதீர்கள், நாடா அறுந்துபோகும், பூஞ்சை மெஷினின் ஹெட்டில் ஒட்டி அடுத்த கேசட்டுக்கும் பரவும், முதலில் சுத்தம் பண்ணத் தெரிந்தவரிடம் கொடுங்கள். கேசட்டைப் படுக்கப் போடாமல் புத்தகம் மாதிரி நிமிர்த்தி வையுங்கள். டிவிக்கும் ஸ்பீக்கருக்கும் பக்கத்தில் வேண்டாம், காந்தம் இருக்கிறது. வி.சி.ஆர். மெஷினைக் கடைசியாகத் தயாரித்துக்கொண்டிருந்த ஜப்பான் நிறுவனம் 2016-இலேயே நிறுத்திவிட்டது, ஆகையால் ஓடுகிற மெஷின் ஒவ்வொரு வருடமும் குறைந்துகொண்டுதான் போகும், இன்னொரு பத்து வருடம் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடாதீர்கள். கம்ப்யூட்டருக்கு மாற்றிய பிறகு இரண்டு இடத்தில் வையுங்கள், ஒன்று உங்கள் வீட்டில், ஒன்று வேறு ஊரில் இருக்கிற பிள்ளைகளிடம். மாற்றிவிட்டோமே என்று பழைய கேசட்டை எறியாதீர்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, மாற்றிக் கொடுக்கிறவர் "பாட்டு மட்டும் போதுமா, நடுவில் இருக்கிற பேச்சை வெட்டிவிடவா" என்று கேட்பார், எங்களிடமும் கேட்டார். வெட்ட வேண்டாம் என்று சொல்லுங்கள்.

பீட்டில்ஸின் கச்சேரிப் பயணங்களைப் பற்றி ரான் ஹோவர்ட் 2016-இல் எடுத்த படத்துக்கு, அந்தக் கச்சேரிகளுக்குப் போன ரசிகர்கள் வீட்டில் வைத்திருக்கும் சுருளையெல்லாம் தாருங்கள் என்று பொதுவில் கேட்டுத்தான் வாங்கினார்கள். கேட்டதால் கிடைத்தது. உங்கள் பத்திரிகை நாகர்கோவிலிலும் திருவனந்தபுரத்திலும் போகிறது, களியக்காவிளை டீக்கடையில் காலை ஆறு மணிக்கு வருகிறது. ஒரு அரைப் பக்கம் ஒதுக்கி, பழைய கானமேளா, வில்லுப்பாட்டு, சர்ச் பாடகர் குழு இவர்களின் கேசட்டோ ரீலோ வீடியோவோ வைத்திருப்பவர்கள் தெரிவிக்கலாம் என்று நீங்கள் ஒரு அறிவிப்பு போட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். முழுக் கச்சேரி வேண்டும் என்றில்லை, ரிகர்சல், மைக் டெஸ்ட், வேனில் பாடிக்கொண்டு போனது, எதுவானாலும்.

ஆக்கர்காரரிடமிருந்து எடுத்த மூட்டையில் 60 நிமிஷ ஆடியோ கேசட் ஒன்று, மேலே ஒட்டின தாள் போய்விட்டது. அண்ணனிடம் கித்தார் கற்ற ஒரு பையனுடைய வீடு அது. போன மாதம்தான் ஓட்டிப் பார்த்தோம். முதல் பக்கத்தில் சினிமாப் பாட்டு. இரண்டாவது பக்கத்தில் ஏழு நிமிஷம் வெறும் இரைச்சல், அப்புறம் கித்தாரில் ஒரே கம்பியைத் திரும்பத் திரும்பத் தட்டுகிற சத்தம், தூரத்தில் கோழி கூவுகிறது, யாரோ டம்ளரை வைக்கிறார்கள். அண்ணன் குரல், "இல்ல மோனே, இன்னும் கொஞ்சம் ஏத்து." மறுபடி கம்பி. "ஆங், அங்க நில்லு."

பாட்டு ஒன்றும் அதில் இல்லை. நாற்பது தடவைக்கு மேல் கேட்டுவிட்டேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்,
களியக்காவிளை அருகில்,
கன்னியாகுமரி மாவட்டம்.